குடம் பெருசு, பால் அதே அரை லிட்டர்தான்!

போன மாசம் ஒரு ஆல்பத்தை 'ஹை-ரெஸ்'னு நம்பி, சிடி தர ஃபைலை விட ரெண்டு மடங்கு காசு குடுத்து டவுன்லோடு பண்ணேன் மக்களே. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்னு லேபிள். கடை பேரு வேணாம், விடுங்க. சும்மா இருக்காம அதை ஆடாசிட்டியில போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தேன். 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இசை. அதுக்கு மேல கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு, அப்புறம் கும்மிருட்டு!

ஏன் வயிறு எரியுதுன்னு சொல்றேன். விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறோமோ, அதுல பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும். சிடி 44,100 தடவை அளக்குது. ஆக எல்லை 22,050 ஹெர்ட்ஸ். 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்னா 48,000 வரை போகலாம். என் ஃபைல் சரியா சிடி எல்லையில நிக்குதுன்னா என்ன அர்த்தம்? சிடிக்குப் பண்ணின மாஸ்டரை எடுத்து ஊதிப் பெருசாக்கியிருக்காங்க. அரை லிட்டர் பாலை அஞ்சு லிட்டர் குடத்துல ஊத்தி, அஞ்சு லிட்டருக்குக் காசு! அன்னிக்கு அளக்காம விட்டதை இன்னிக்கு எந்த சாஃப்ட்வேரும் திருப்பிக் கொண்டு வராது.

'இது ஏதோ ஒரு கடையோட தில்லாலங்கடி'ன்னு நினைக்காதீங்க. 2014ல் சோனி, யுனிவர்சல், வார்னர் மூணு பேரும் மற்ற அமைப்புகளோட சேர்ந்து ஹை-ரெஸ்ஸுக்கு ஒரு வரையறை வெளியிட்டாங்க. சிடியை விட உசந்த மூலத்திலிருந்து வந்திருக்கணும்னு அதுல எழுதியிருக்கு. கீழேயே நாலு வகை குடுத்தாங்க. அதுல ஒண்ணு 'எம்க்யூ-சி': 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் சிடி மாஸ்டரிலிருந்து வந்தது! விதியை எழுதின கையே ஓட்டையும் போட்டுக் குடுத்திருக்கு.

'யோவ், எனக்குக் காதுல வித்தியாசம் தெரியுதே'ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: 2007ல் மேயர், மொரான் ரெண்டு பேரும் உசந்த தர இசையை நேராவும், நடுவுல சிடி தரத்துக்கு இறக்கியும் மாத்தி மாத்திக் கேக்க வெச்சாங்க. 554 தடவையில 276 தடவை சரியா சொன்னாங்க. காசு சுண்டினாலும் இதேதான் வந்திருக்கும்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 2016ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி உள்ளவங்க இன்னும் கொஞ்சம் நல்லா கண்டுபிடிச்சாங்க. ஸ்டுடியோவுல 24 பிட் வேணும், அதுலயும் சந்தேகமில்ல. ஆனா அந்த நூலிழை வித்தியாசம்கூட மூலமே உசத்தியா இருந்தாத்தானே? ஊதின ஃபைல்ல எங்கேர்ந்து வரும்?

காதை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு 2022ல் பார்த்தோம். முழுக்க அனலாக்னு ரசிகர்கள் கொண்டாடின மொபைல் ஃபிடிலிட்டி இசைத்தட்டுகள் பலதுல நடுவுல டிஜிட்டல் படி இருந்ததுன்னு அந்தக் கம்பெனியே ஒத்துக்கிச்சு. அதுவரைக்கும் பெரிய பெரிய 'தங்கக் காது'க்காரங்க ஒருத்தரும் கண்டுபிடிக்கல!

உண்மையிலேயே காதுக்குத் தெரியற விஷயம் மாஸ்டரிங். மெட்டாலிக்காவோட 'டெத் மேக்னெடிக்' 2008ல் சிடியில சத்தத்தை ஏத்தி நசுக்கி வந்துது. அதே பாட்டுங்க 'கிட்டார் ஹீரோ' கேம்ல மூச்சு விடற மாதிரி இருந்துது. அந்த நசுங்கின மாஸ்டரை 192 கிலோஹெர்ட்ஸ்ல வித்தாலும் நசுங்கினது நசுங்கினதுதான்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எந்த வருஷம், எந்த மூலத்திலிருந்து, எத்தனை பிட்ல எடுத்ததுன்னு ஒவ்வொரு ஆல்பத்துக்குக் கீழயும் ஒரு வரி போடுங்க. பிஸ்கட் பாக்கெட்ல மைதா எவ்வளவுன்னு போடறாங்களே? அந்த வரி இல்லாத ஃபைலுக்கு இனிமே எங்கிட்டேர்ந்து சிடி விலைக்கு மேல ஒரு பைசா பேறாது.

டிஸ்கி: உங்க ஹை-ரெஸ் ஃபைல் ஒண்ணையும் ஸ்பெக்ட்ரோகிராம்ல போட்டுப் பார்த்துட்டுத் திட்ட வாங்க. கோடு எங்க நிக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.