உள்ளங்காலில் கறுப்பு புள்ளியா? கால் ஆணின்னு விட்டுடாதீங்க! தோல் புற்றுநோயை காட்டிக்கொடுக்கும் லென்ஸ்

புதுச்சேரி:

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரங்களுக்கு வர்றது, நமக்கு வராது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. இது பாதிதான் உண்மை. கறுத்த தோலில் உள்ள மெலனின் நிறமி வெயிலின் புறஊதா கதிரை தடுப்பதால் நம்மிடம் இந்நோய் குறைவு. ஆனால் ‘மெலனோமா’ என்ற ஆபத்தான வகை, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வந்து உட்காருகிறது.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லி உயிரை குடித்ததும் இதுதான். கால் கட்டை விரல் நகத்தடியில் தொடங்கி உடம்பெல்லாம் பரவி, 1981ல் 36 வயதில் இறந்தார்.

லென்ஸ் பார்க்கும் ரேகை

ஆரம்பத்திலேயே பிடிக்க உதவுவது ‘டெர்மோஸ்கோப்’. கைக்குள் அடங்கும் இந்த கருவி, விளக்கு வெளிச்சத்தில் தோலை 10 மடங்கு பெரிதாக்கி காட்டும். கத்தி, ரத்தம் எதுவும் கிடையாது. பாத ரேகையின் பள்ளத்தில் கறுப்பு படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் படிந்திருந்தால் சந்தேகம். உடனே துளி சதை எடுத்து பரிசோதிப்பார்கள். நோயை உறுதி செய்வது அந்த சோதனைதான்.

தடுமாறும் கம்ப்யூட்டர்

2017ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம் படங்களை காட்டி கம்ப்யூட்டரை பழக்கினர். 21 தோல் டாக்டர்களுக்கு சமமாக அது நோயை கண்டுபிடித்தது. ஆனால் 2022ல் வெளியான ஆய்வில், கறுத்த தோல் படங்களை காட்டியதும் இதுபோன்ற சாப்ட்வேர்கள் தடுமாறின. பழக்கிய படங்களில் பெரும்பாலும் வெள்ளைத்தோல். பார்க்காததை எப்படி கண்டுபிடிக்கும்? செல்போன் ஆப் ‘ஒண்ணுமில்லை’ என்றால் நம்பி இருந்துவிடக்கூடாது.

புதுச்சேரியில் என்ன செய்யலாம்?

மீனவர், சித்தாள், வயல்வேலை செய்பவர் என செருப்பில்லாமல் நிற்கும் கால்கள் இங்கு ஏராளம். புள்ளி வந்தால் முள்ளு குத்தினது, கால் ஆணி, சுகர் புண் என்று மாசக்கணக்கில் கைவைத்தியம் நடக்கும். ஆரம்பத்தில் வலிக்காது என்பதால் அவசரமும் தெரியாது.

கோரிமேடு ஜிப்மரில் தோல்நோய் பிரிவும், மண்டல புற்றுநோய் மையமும் ஒரே வளாகத்தில் உள்ளன. சுகருக்கு மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் வருபவர்களின் பாதத்தை பார்த்து, சந்தேகமான புள்ளியை படமெடுத்து அங்கே அனுப்பினால் பல உயிர் தப்பும். நம்மூர் தோல் படங்களும் சேரும். நாளைய கம்ப்யூட்டருக்கு அதுதான் பாடம்.

அதுவரை மாதம் ஒருமுறை உள்ளங்காலை நாமே பார்க்கலாம். புள்ளி பெரிதானால், ஓரம் கோணலானால், நிறம் மாறினால், ரத்தம் கசிந்தால் பிளேடால் கீறாமல் டாக்டரிடம் காட்டுவதே உயிருக்கு நல்லது.