விலை இறங்கினால் மேலும் வாங்கலாமா?

பங்கு விலை சரிந்தால், "மலிவாகக் கிடைக்கிறதே!" என்று மேலும் வாங்குவோர் உண்டு. இது எப்போதும் பலிக்குமா?

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018 முதல் அதானி போர்ட்ஸ் கம்பெனி வசம் இருக்கிறது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஹிண்டன்பர்க் நிறுவனம் அதானி குழுமத்தின் மீது குற்றம் சாட்டியது. குழுமம் மறுத்தது. ஆனாலும் பத்து நாளில் துறைமுகக் கம்பெனியின் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. கப்பல் வரத்து மட்டும் நிற்கவில்லை. சரக்குக் கணக்கு மாதந்தோறும் வெளிவந்தது. ஓராண்டுக்குள் விலை பழைய நிலையைத் தாண்டியது. துணிந்து சேர்த்தவர்களுக்கு அதிர்ஷ்டமும் கை கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

யெஸ் பாங்கி கதை வேறு. அது வராக்கடனைக் குறைத்துக் காட்டியதை ரிசர்வ் பாங்கி 2017-லேயே கண்டுபிடித்தது. 2018 ஆகஸ்டில் பங்கு சுமார் 400 ரூபாய். இறங்க இறங்க, சராசரி விலையைக் குறைப்பதாக நினைத்து வாங்கியவர்கள் பலர். 2020 மார்ச்சில் அது 20 ரூபாய்க்கும் கீழே போயிற்று!