படம் போடுவது மட்டும்தான் டிசைனா?

"ஒரு வரி டைப் பண்ணினால் போதும், ஒரே நிமிடத்தில் ஸ்க்ரீன் ரெடி. இனி எதுக்கு டிசைனர்?" சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஏ.ஐ. வந்த பிறகு அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்கள்! அவர்களுக்கு அழகியல் எல்லாம் பேசிப் பயனில்லை. கணக்கிலேயே பதில் சொல்வோம்.

2020 ஆகஸ்ட். ரெவ்லான் என்ற அழகு சாதனக் கம்பெனியின் கடனுக்கு அமெரிக்காவின் சிட்டி வங்கி ஏஜென்ட். கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டிய வட்டி சுமார் 78 லட்சம் டாலர். போனதோ சுமார் 90 கோடி டாலர்! வட்டியோடு அசலும் சேர்ந்து போய்விட்டது, அதுவும் வங்கியின் சொந்தப் பணம்.

திருட்டு இல்லை, ஹேக்கிங் இல்லை. அசல் வெளியே போகாமல் இருக்க ஸ்க்ரீனில் மூன்று கட்டங்களை மாற்ற வேண்டும். மாற்றியது ஒன்றைத்தான். மூன்று பேர் பார்த்தார்கள், மூன்று பேருமே சரி என்று நினைத்தார்கள். "பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரலாமா?" என்று எச்சரிக்கைகூட வந்தது. எவ்வளவு பணம் என்று மட்டும் அதில் இல்லை!

சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் வங்கி வழக்கில் தோற்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் தப்பித்தது.

அந்த ஸ்க்ரீனை ஏ.ஐ. கலர் கலராக மாற்றித் தந்திருக்கும். ஆனால் "இங்கே ஒருத்தர் தவறாக அழுத்தினால் என்ன ஆகும்? தொகையை ஏன் காட்டவில்லை?" என்று கேட்க, அந்த வேலையைச் செய்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் இடைமுக டிசைனர். படம் போடுவது அவர் வேலையில் கடைசிப் பகுதி.

டிசைனர்களின் கருவியான ஃபிக்மாவே 2024 ஜூனில் ஸ்க்ரீன் போட்டுத் தரும் ஏ.ஐ. வசதியை வெளியிட்டது. வானிலை ஆப் கேட்டால் ஆப்பிளின் வானிலை ஆப் மாதிரியே வந்தது! 2024 ஜூலையில் அதை நிறுத்தி வைத்தார்கள். கருவிக்குக் கொடுத்த பாகங்களைச் சரியாகச் சோதிக்கவில்லை என்பது கம்பெனி சொன்ன காரணம். அந்தச் சோதனையைச் செய்ய யார் வேண்டும்? டிசைனர்தான்!

சரி, ஏ.ஐ. நாளுக்கு நாள் தேறி வருகிறதே என்பார்கள். உண்மைதான். லாகின் பக்கம், செட்டிங்ஸ் பக்கம் எல்லாம் இனி அதுவே போடும், போடட்டும். ஆனால் அந்தச் சின்ன வேலைகளில்தான் புதிதாக வருபவர்கள் தொழில் கற்கிறார்கள். ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் பையன் வவுச்சருக்கு டிக் அடித்து அடித்துத்தான் எந்தக் கணக்கு இடிக்கிறது என்று மூக்கால் மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். டிக் அடிக்க மெஷின் வந்துவிட்டது என்று அவனை வீட்டுக்கு அனுப்பினால், பத்து வருடம் கழித்துக் கையெழுத்துப் போட ஆடிட்டர் எங்கிருந்து வருவார்?

இதே கதைதான் டிசைனிலும். சீனியரை வைத்துக்கொண்டு ஜூனியரை நிறுத்துவது, விதை நெல்லைச் சமைத்துவிட்டு அரிசிச் செலவு மிச்சம் என்று சொல்வது போல.

மிச்சப்படுத்திய சம்பளம் இந்த வருட லாப நட்டக் கணக்கிலேயே தெரியும். கேட்காமல் விட்ட கேள்வியின் விலை எந்தக் கணக்கிலும் ஏறாது, ஒருநாள் யாரோ ஒரு பட்டனை அழுத்தும் வரை. ஏ.ஐ. பத்து ஸ்க்ரீன் போடட்டும், நூறு போடட்டும். எது மக்கள் கைக்குப் போகலாம் என்று முடிவெடுத்துப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். அவரை உருவாக்கும் செலவை வெட்டுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள்.