காணி பிரதேச சபையின் கைக்கு வரவேண்டும்

2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடியே சம்பூர் சூரிய மின் நிலையத்தின் கட்டுமானத்தைத் தொடக்கிவைத்தார்கள். 120 மெகாவாட். பங்காளிகள் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.ரி.பி.சி. மின் நிறுவனமும். மூதூர் பிரதேச சபையின் பெயர் அந்தப் பங்காளிப் பட்டியலில் இல்லை.

சம்பூர்க் காணிக்காக ஊர் பட்டது கொஞ்சமா? 2006 இல் போருக்கு அஞ்சி ஓடிவந்த சம்பூர்ச் சனம் இங்கே கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில், வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. முதலீட்டு வலயம் என்று வளைத்த 818 ஏக்கரை 2015 இல்தான் விட்டார்கள். அங்கே கட்டவிருந்த நிலக்கரி அனல் மின் நிலையத்தை 2016 இல் கைவிட்டார்கள். இரண்டுமே சும்மா கிடைத்தவை அல்ல. சனம் விடாமல் நின்றதால் கிடைத்தவை.

முத்துநகரைப் பாருங்கள். துறைமுக அதிகாரசபைக் காணி என்று சொல்லி, நெல் விளைந்த வயல்களைச் சூரிய மின் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். 2025 இல் அந்த விவசாயிகள் நியாயம் கேட்டுத் திருகோணமலையில் வீதிக்கு வந்தார்கள். நாளை நம் பக்கம் அது நடந்த பிறகு கூடி அழுவதில் பயனில்லை.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; வரட்டும். ஆனால் வயலும் மேய்ச்சல் தரையும் குளமும் அல்லாத வெற்று அரச காணியை முதலில் பிரதேச சபையிடம் ஒப்படையுங்கள். கம்பனி சபையிடம் குத்தகைக்கு எடுக்கட்டும். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் போதும். குத்தகைக் காசு தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் இங்கேயே செலவாகட்டும்.

சபைக்கு இதெல்லாம் முடியுமா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். 1983 இல் லெக்கோ மின் விநியோகக் கம்பனி வரும்வரை இந்த நாட்டில் பல உள்ளூராட்சி சபைகள்தான் வீடுகளுக்கு மின்சாரம் விநியோகித்தன! தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006 இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கி, மிஞ்சிய மின்சாரத்தை அரசுக்கே விற்றது. அதுவும் ஒரு கிராமம்தான்.

ஆகவே தோழர்களே, இந்தக் கிழமையே இறங்குங்கள். பெட்டியடியில் கிடக்கும் அனுமதிப்பத்திரம், வரிச்சீட்டு, பழைய வரைபடம், எதுவானாலும் பிரதி எடுங்கள். எது அரச காணி, எது சனத்தின் காணி என்று கிராம சேவையாளர் பிரிவு வாரியாக நாமே பட்டியல் போடுவோம். பட்டிக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள், மாடு மேயும் இடம் எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்குத்தான் தெரியும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எந்தக் கட்சியின் சபை உறுப்பினரானாலும் அவர் வீட்டுப் படலையில் நின்று கேளுங்கள்: அடுத்த சபை அமர்வில் காணி கோரும் தீர்மானத்துக்குக் கை உயர்த்துவீர்களா, இல்லையா?