பழைய லாரியும் பழுதுபார்க்கும் உரிமையும்

ஒரகடத்தில் 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, அயல்நாட்டிலிருந்து புதிய விருந்தாளி வந்திருப்பதாகவே பலரும் எண்ணினர். விருந்தாளி பழையவர்தாம். 1954ஆம் ஆண்டிலேயே டாட்டாவோடு கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தவர்கள் அவர்கள். 1969இல் அந்த ஒப்பந்தம் முடிவுற்றது. முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் இறங்கியது. எஞ்சினின் வம்சாவளி மட்டும் மாறவில்லை. முதிய ஓட்டுநர்கள் 'பென்ஸ் லாரி' என்று இன்றும் சொல்வது அந்தப் பதினைந்தாண்டு உறவின் எச்சம்.

அந்த உறவைப் பெயர்களிலேயே படிக்கலாம். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டைப் பள்ளியில் படித்திருப்போம். 1210, 1613, 407 என்பவை இடுகுறி போல ஒலிப்பினும் அனைத்தும் காரணப்பெயர்களே. 1613 என்றால் 16 டன் மொத்த எடை, ஏறத்தாழ 130 குதிரைத்திறன். எஞ்சினுக்கும் அப்படியே: 697 என்பது ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர், 497 என்பது நான்கு சிலிண்டர், அதே 97. ஒரகடத்திலிருந்து வரும் பாரத்பென்ஸ் வண்டிகளிலும் இம்மரபு தொடர்கிறது. 2523 என்பது 25 டன், 230 குதிரைத்திறன். 2018இல் மத்திய அரசு அச்சுப்பளு வரம்பை உயர்த்தியபின் அது 2823 ஆயிற்று. பெயரிடும் முறையில் இத்தனை தொடர்ச்சி இருக்க, பழுதுபார்க்கும் முறையில் மட்டும் தொடர்ச்சி அறுந்துபோயிற்று. நம் கவலை அதைப் பற்றியது.

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில், புதுக் கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்களுக்கும் கன்டெய்னர்களுக்கும் நடுவே, இருபதாண்டு கண்ட 1613களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜல்லி, எம்-சாண்ட், தண்ணீர், ஆலைகள் கழித்த இரும்பு முதலியன அவற்றின் சுமை. பல வண்டிகள், ஒற்றை லாரி வைத்திருப்பவர்களுடையவை. உரிமையாளரே ஓட்டுநர், அவரே பாதி மெக்கானிக். நம் வகுப்பில் அமரும் மாணவர் சிலரின் கல்லூரிக் கட்டணம் அந்தச் சக்கரங்களில்தான் உருண்டு வருகிறது. ஆயினும் அத்தந்தையரை நாம் அறிவுடையோர் கணக்கில் சேர்ப்பதில்லை.

டீசல் தீர்ந்து நின்றுபோன பழைய லாரியைக் கிளப்புவதை எடுத்துக்கொள்வோம். டாங்கில் டீசலை ஊற்றினால் மட்டும் எஞ்சின் ஓடாது. குழாய்களில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை அடங்கி, டீசல் ஒரே ஒழுக்காக வந்ததும் திருகை முடுக்க வேண்டும். அப்படியும் கிளம்பாவிட்டால் நாஸில் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, மிச்சக் காற்றையும் விரட்ட வேண்டும். இதற்கு 'ஏர் எடுத்தல்' என்று பெயர். ஸ்பேனர் ஒன்றும் கந்தல் துணியும் இருந்தால் போதும்.

புகையையும் அவர்கள் படிக்கிறார்கள். கரும்புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாவிட்டால் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள். ஆயில், பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். வல்லம் அருகே மரத்தடிப் பட்டறை ஒன்றில், நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின்மீது ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, தட்டல் எந்தச் சிலிண்டரில் என்று கேட்டுக்கொண்டிருந்தவரை நாம் கண்டிருக்கிறோம். மருத்துவர் செய்வதும் இதுவே. அவருடைய கருவிக்கு ரப்பர் குழாய் உண்டு, அவ்வளவுதான். காலையில் வண்டி எடுக்குமுன் காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரை வடித்துவிடுவது, கிங் பின்னுக்கும் கமான் பட்டையின் பின்களுக்கும் நாள் தவறாமல் கிரீஸ் அடிப்பது, டேப்பட் இடைவெளியைத் தகடு நுழைத்து அளந்து வைப்பது ஆகியவையெல்லாம் நூலில் கற்றவை அல்ல. கிளீனராக ஏறி, ஆண்டுக்கணக்கில் ஏச்சு வாங்கிக் கற்றவை.

'கமான்' என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாரசீகத்தில் அச்சொல்லுக்கு வில் என்று பொருள். வளைந்த பட்டைகளை அடுக்கிய அந்த உறுப்புக்கு இதனினும் பொருத்தமான பெயரை எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கித்தர இயலாது. 'ஸ்டெப்னி' என்பது வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் உள்ள ஒரு தெருவின் பெயர். மாற்றுச் சக்கரம் அங்கே தயாரானதால் வந்தது. ஆங்கிலேயர் பெரும்பாலும் மறந்துவிட்ட சொல்லை நம் லாரிக்காரர்கள் காப்பாற்றி வருகிறார்கள். பொருளோ நமக்கு அதனினும் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாடலில், உப்பு விற்கும் உமணர் மேடு பள்ளம் நிறைந்த நெடுவழிக்கு அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்கிறார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். வழியில் ஒடிந்தால் வழியிலேயே மாற்றிக்கொள்வது என்பது சங்க காலத்து வண்டிக்காரனுக்கே வழக்கமாயிருந்தது.

நிற்க. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் லாரிகள் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்டவை. டீசல் எவ்வளவு, எந்த நொடியில் என்பதை மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. புகையில் யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது. அந்த அமைப்பில் ஒரு சென்சார் பிழையாகிவிட்டால், எஞ்சினில் குறை ஏதும் இல்லாவிடினும் வண்டி தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். என்ன பிழை என்று அறிய ஸ்கேனர் வேண்டும். சரிசெய்தபின் அதைப் பெட்டிக்கு உணர்த்த, சில வேலைகளில் உற்பத்தியாளரின் மென்பொருளே வேண்டும். ஸ்பேனர் பிடித்த கை அங்கே நின்றுவிடுகிறது. கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அந்தக் கை மறுக்கவில்லை. அதற்குக் கதவு திறக்கப்படவில்லை.

பழைய வண்டிக்காக நாம் ஒப்பாரி வைப்பதாக வாசகர் கருதலாகாது. கனரக எஞ்சின்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் என்பதிலிருந்து 0.46 கிராம் என்ற அளவுக்கு ஆறாம் விதியால் இறங்கியது. இச்சாலையோரத்துப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு அது சிறிய நன்மையன்று. அரைகுறை அறிவோடு பிரேக்கில் கைவைப்பவரையும், கட்டை கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பவரையும் நாம் ஆதரிக்கவில்லை. எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்பதும் நியாயமே. ஆனால் சோதிக்கப்பட வேண்டியவை புகையும் பிரேக்கும் சேஸிஸும்தாம். பிறந்த ஆண்டு அன்று. 15 ஆண்டு கடந்த கனரக வண்டியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க 12,500 ரூபாய் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, நன்றாகப் பேணியவனையும் பேணாதவனையும் ஒரே தட்டில் நிறுத்தியது. பேணுதலுக்குப் பரிசில்லை என்றால் எவன் காலையில் எழுந்து கிரீஸ் அடிப்பான்?

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தியை நிறுத்தியது. பட்டையில் நகர்ந்து வரும் பொருளுக்கு ஒரே ஒரு வேலையை நாளெல்லாம் செய்து பழகிய இளைஞர்களுக்கு, வாயிற்கதவுக்கு வெளியே அந்தப் பழக்கத்தால் பயனில்லை. பழுதுபார்க்கத் தெரிந்தவனின் நிலை வேறு. அவன் தொழிலைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு போகிறான். படப்பையிலும் பிழைப்பான், சங்ககிரியிலும் பிழைப்பான். இலட்சக்கணக்கில் வாகனம் செய்யும் ஒரு வட்டாரம், வாகனத்தை முழுமையாக அறிந்தவர்களை உருவாக்காமல், அதன் துண்டுகளை மட்டும் அறிந்தவர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது என்பதே நம் முதன்மையான குற்றச்சாட்டு.

திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். பதினெட்டு முறை நடந்து, பிறருக்குச் சொல்லலாகாது என்ற நிபந்தனையோடு பெற்ற மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி அனைவருக்கும் உரைத்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. அந்த ஊரின் எல்லையிலேயே இன்று பிழைக்குறி எண்ணின் பொருள்கூட மறைபொருளாக இருப்பதை நினைத்தால் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

பிற நாடுகளில் இவ்வழக்கு எப்போதோ தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுக் கனரக வாகன மாசு விதியிலேயே, பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்கும் உற்பத்தியாளர் தர வேண்டும் என்ற கட்டளை உண்டு. அமெரிக்காவில், டிராக்டரை உழவர் தாமே பழுதுபார்க்க இயலாதபடி செய்ததாக ஜான் டீர் நிறுவனத்தின்மீது அந்நாட்டு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கெனக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலையும் திறந்தது. வாகனங்கள், வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடக்கம். நிறுவனங்கள் விரும்பித் தரும் தகவலைத் தொகுத்து வைக்கும் ஏற்பாடு அது. மறுப்பவரை வற்புறுத்தும் சட்டமாக அது இன்னும் ஆகவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. லாரி வாங்குபவர் கையில் அதன் பழுதுபார்ப்புக் கையேடு தமிழில், மின்சுற்று வரைபடத்தோடு தரப்பட வேண்டும். பட்டறையில் வழங்கும் 'கமான்', 'ஏர் எடுத்தல்' போன்ற சொற்களிலேயே அது எழுதப்பட வேண்டும். பிழைக்குறி எண்களின் பொருள் எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். ஸ்கேனரும் மென்பொருளும் தனிப் பட்டறைக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும். மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் ஒன்று ஒரகடத்திலேயே இயங்குகிறது. மாதம் ஒரு ஞாயிறு, வல்லத்து மரத்தடி மெக்கானிக்கையும் அவரைப் போன்றவர்களையும் உள்ளே அழைத்து ஆறாம் விதி எஞ்சின் ஒன்றைத் திறந்து காட்டட்டும். சான்றிதழ் கேட்காமல் அழைக்க வேண்டும்.