ஒரு ஸ்பேஸ் தட்டினேன்... ஃபோல்டரே காலி!

கீபோர்டுல ரொம்ப டேஞ்சரான பட்டன் எது? டெலீட்டா? இல்லீங்க, ஸ்பேஸ் பார்!

மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி. அரியாங்குப்பத்துல எங்க வீட்டு மாடி, லினக்ஸ் போட்ட லேப்டாப். 'பழைய'ன்னு ஆரம்பிக்கிற ஃபைல்களை மட்டும் அழிக்கணும். 'ஆர்எம் பழைய*'னு அடிக்க வேண்டியவன், தூக்கக் கலக்கத்துல 'ஆர்எம் பழைய *'னு அடிச்சுட்டேன். 'பழைய'ன்னு ஒரு ஃபைலே இல்லைன்னு மெசேஜ் வந்துச்சு. எதுவும் நடக்கலைன்னு நிம்மதியா எல்எஸ் அடிச்சா... காலி! ரீசைக்கிள் பின்னும் கிடையாது. பென்டிரைவ்ல ஒரு வாரத்துக்கு முந்தின காப்பி இருந்ததால மானம் தப்பிச்சது, தூக்கம் போச்சு.

ஆர்எம்மைத் திட்டாதீங்க. அது அந்த ஸ்டாரைப் பார்க்கவே இல்லை! கல்யாணப் பத்திரிகையில 'குடும்பத்துடன் வருக'ன்னு போடுவாங்க. சமையல்காரர் கைக்குப் போறது தலைக்கணக்கு மட்டும்தானே? அது மாதிரி, ஸ்டாரை ஃபைல் பேர்களா விரிக்கிறது ஷெல். ப்ரோக்ராமுக்குப் போறது வெறும் பேர் லிஸ்ட். 1971-ல வந்த முதல் யூனிக்ஸ்ல இதுக்குன்னே 'க்ளோப்'னு தனி ப்ரோக்ராம் இருந்துச்சு. 1979-ல வந்த ஏழாம் பதிப்புலதான் ஷெல்லே அந்த வேலையை எடுத்துக்கிச்சு.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்ல கதை தலைகீழ். ஸ்டார் அப்படியே ப்ரோக்ராம் கைக்கு வந்துடும், விரிக்கிறது உங்க தலைவலி. லேப்ல லினக்ஸ்ல ஓடின சி ப்ரோக்ராம், வீட்டுல விஷுவல் சி++ல 'ஃபைல் இல்லை'ன்னு முறைக்குதா? 'செட்ஆர்க்வி' ஆப்ஜெக்ட் ஃபைலைச் சேர்த்து லிங்க் பண்ணுங்க. லினக்ஸ்லயும் அசந்துடாதீங்க: பொருந்துற ஃபைல் ஒண்ணுகூட இல்லைன்னா, பாஷ் ஷெல் ஸ்டாரை அப்படியே தள்ளிவிட்டுடும். '-'ல தொடங்குற பேர் இருந்தா, ப்ரோக்ராம் அதை ஆப்ஷன்னு நினைச்சுக்கும். அதனால வெறும் *க்குப் பதிலா./* போடறது சேஃப்.

இப்பல்லாம் நான் ஆர்எம் அடிக்கிற இடத்துல முதல்ல எக்கோ அடிச்சுப் பார்க்கிறேன். எந்தெந்த ஃபைல் போகப்போகுதுன்னு லிஸ்ட் கண்ணு முன்னாடி வந்துடும்.

அப்படி விளையாடும்போது ஒண்ணு சிக்குச்சு. '?'ன்னா ஒரு எழுத்துன்னுதானே படிச்சோம்? 'அரியாங்குப்பம்'னு ஒரு ஃபைல் வெச்சு, எட்டு எழுத்துக்கு எட்டு '?' போட்டேன். ம்ஹூம்! 14 போட்டாதான் மாட்டுது. யூனிகோட்ல 'ரி'ன்னா ர தனி, கொக்கி தனி. 'ம்'முக்குப் புள்ளி தனி. உங்க ஊருக்கு எத்தனை வருது? எக்கோ அடிச்சுப் பாருங்க, ஆர்எம் வேணாம்!