இரைச்சலுக்குள் ஓர் இரங்கல்

நம் இல்லத்துப் பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கும் பாட்டுகளுள், பெற்றோரை மிகவும் கலங்கச் செய்வது ‘பிளாக் மெட்டல்’ என்னும் வகையே எனலாம். தற்செயலாய்ச் சிறிது கேட்டவர், “இதுவும் ஒரு சங்கீதமா?” என்று வினவுவது இயல்பு. அவ்வினாவோடு நின்றுவிடாமல் சற்றுப் பொறுத்துக் கேட்டால் என்ன புலப்படும்? இவ்வகையில் தனித்த சுவை காட்டும் பின்லாந்து நாட்டை முன்னிட்டு இத்திங்கள் அதைக் காண்போம்.

‘பிளாக் மெட்டல்’ என்ற பெயர், வெனம் என்னும் ஆங்கிலக் குழு 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயராகும். இன்று நாம் கேட்கும் உருவத்தைப் பெரிதும் அமைத்தவர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்த நார்வே இளைஞர்கள். அங்கே 1992-இல் பழைய மரத் தேவாலயங்கள் தீக்கிரையாயின. அடுத்த ஆண்டு ஒரு கொலையும் நிகழ்ந்தது. ஆகவே உலகப் பத்திரிகைகள் நார்வேயையே பேசின. பின்லாந்திலோ 1989-இலேயே துர்க்கு நகரில் ஆர்ச்கோட், ரோவனியெமி நகரில் பெஹரிட் என்னும் குழுக்கள் தோன்றிவிட்டன. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவனியெமியைக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று விளம்பரம் செய்து பயணிகளை அழைக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பரிசு வழங்கும் அத்தாத்தாவும், சாத்தானைத் துதிக்கும் பெஹரிட்டும் ஒரே ஊர்க்காரர்கள்!

இனி ஒலியைக் கவனிப்போம். கிதார்க்காரர் ஒரே தந்தியின்மேல் மீட்டுவில்லையை மேலும் கீழுமாக ஓயாமல் அசைக்கிறார். ஒரு சுரம் நொடிக்குப் பலமுறை மீட்டப்படுவதால், தனித்தனி மீட்டுகள் செவிக்கு எட்டாமல், பிடில் வில்லை நீள இழுத்தாற்போன்ற ஓர் ஒழுக்காகிவிடுகின்றன. அவ்வொழுக்கை மின்கருவியால் வேண்டுமென்றே சிதைத்துக் கரகரக்கச் செய்கிறார்கள். முரசடிப்பவரின் கையும் காலும் மாறி மாறி இயங்கும் வேகமோ சொல்லி முடியாது. மின்விசிறி மிக விரைந்து சுழலுங்கால் இறக்கைகள் மறைந்து, அசையாத வட்டமொன்று தோன்றுகிறதன்றோ? அதுபோல் இவ்வேகமும் எல்லை கடந்ததும் ஒருவகை அசைவின்மையாகிவிடுகிறது. அந்த அசையாப் பரப்பின்மீது, மிக மெதுவாக, ஒரு மெட்டு நகர்ந்து செல்கிறது. முதன்முறை கேட்பவர் விரைவை மட்டுமே கேட்கிறார். பழகியவர் அம்மெதுவான மெட்டைக் கேட்கிறார். இவ்விசையின் கவர்ச்சி முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த மெட்டில்தான் பின்லாந்தின் தனித்தன்மையும் வெளிப்படுகிறது. ரஷ்ய எல்லைக்கருகே, சைமா ஏரிக்கரையில் உள்ள லப்பேன்ரன்டா நகரில் 1993-இல் தோன்றிய ஹோர்னாவையும், அதன் கிதார்க் கலைஞர் 1999-இல் தொடங்கிய சார்கெயிஸ்ட் குழுவையும் கேட்டால் இது விளங்கும். மேனாட்டார் ‘மைனர்’ என்று சொல்லும் சுரவரிசையே இவர்களுக்கு அடிப்படை. நம்முடைய நடபைரவி மேளத்தின் சுரத்தானங்களும் அவையே. கமகம் இல்லாமையால் இதனை நடபைரவி ராகம் என்று சொல்லிவிடலாகாது. ஆயினும் நம் செவிக்கு முற்றும் அயலான இசையன்று. கரகரப்பை நீக்கி அந்த மெட்டை மட்டும் ஒரு புல்லாங்குழலில் வாசித்தால், நம் பாட்டிமார்கூட அமர்ந்து கேட்பார்கள்.

இத்துயரச் சாயல் அந்நாட்டில் புதிதன்று. அர்ஜென்டினாவிலிருந்து சென்ற டாங்கோ நடன இசையைப் பின்லாந்து மக்கள் தமதாக்கிக்கொண்டபோது, பெரும்பாலும் மைனரிலேயே பாடினார்கள். 1955-இல் வெளிவந்து இன்றும் விரும்பப்படும் ‘சதுமா’ என்னும் பாட்டு, கடலுக்கப்பால் உள்ள இன்ப நாட்டை எண்ணி, அங்கே செல்ல இயலாமல் ஏங்குவது. தாத்தா நடனசாலையில் கேட்ட ஏக்கத்தைப் பேரன் இடியோசைக்குள் வைத்துக் கேட்கிறான்.

“குளிரும் இருளுமே காரணம்” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வடகோடியில் குளிர்காலத்தில் ஏறத்தாழ ஏழு வாரம் கதிரவன் எழுவதில்லை. தெற்கேயுள்ள ஹெல்சின்கியிலும் டிசம்பரில் பகற்பொழுது ஆறுமணி நேரத்துக்குக் குறைவே. இவ்விருளுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் இருள் மட்டும் கிதார் கற்றுத்தராது! 1960களின் பிற்பகுதி முதல் அந்நாட்டு அரசு இசைப்பள்ளிகளுக்குச் சட்டப்படி மானியம் வழங்கிவந்திருக்கிறது. ஏறத்தாழ 56 இலட்சம் மக்களே உள்ள நாட்டில் இத்தனைக் குழுக்கள் முளைத்தமைக்கு அதனையும் ஒரு காரணமாகக் கொள்ளவேண்டும்.

குரலைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. தொண்டையை இறுக்கி எழுப்பும் அலறல் அது. சொற்கள் எளிதில் விளங்கா. ஹோர்னா பெரும்பாலும் தாய்மொழியிலேயே பாடுகிறது. பின்னிஷ் மொழியில் நம் மொழியைப் போலவே குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறும். ‘துலி’ என்றால் நெருப்பு. ‘தூலி’ என்றால் காற்று. ‘துல்லி’ என்று அழுத்திவிட்டால் சுங்கச்சாவடி! கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்கும் இவ்வினத்து மொழிகளுக்கும் உறவு கற்பித்தார். பின்வந்த அறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. ஒற்றுமை என்னவோ வியப்பாகத்தான் இருக்கிறது.

எல்லாக் குழுவும் மெட்டை நம்பியவை அல்ல. பெஹரிட் 1993-இல் வெளியிட்ட ‘டிராயிங் டவுன் த மூன்’ இசைத்தட்டில் மெட்டு அருகியே காணப்படும். சேற்றில் அமிழ்வது போன்ற தாழ்ந்த முழக்கமும் முணுமுணுப்பும் மிகும். தாம்பெரே நகரில் 2007-இல் தோன்றிய ஒரான்சி பசூசு, மின்னிசைக் கருவிகளைச் சேர்த்துக் கனவு போன்ற மயக்கத்தை உண்டாக்குகிறது. அதன் 2020-ஆம் ஆண்டு இசைத்தட்டாகிய ‘மெஸ்தாரின் கின்சி’, இவ்வகையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

இனி, பெற்றோரின் அச்சத்துக்கு வருவோம். இப்பாட்டுகளில் பல கிறிஸ்தவ சமயத்தைப் பழிப்பவை. பின்லாந்து மக்களிற் பெரும்பாலோர் லூத்தரன் திருச்சபையினர் என்பதை மறத்தலாகாது. அத்திருச்சபையோ சினங்கொண்டு கதவடைக்கவில்லை. 2006 முதல் ஹெல்சின்கியில் தன் துதிப்பாடல்களையே மெட்டல் இசையில் பாடும் வழிபாட்டை நடத்தத் தொடங்கிற்று! சாத்தான் பேச்சு பெரும்பாலும் நாடகக் கோலம் என்றே கருதுகிறேன். ஆனால் நாஜிக் கொள்கைக்குப் பரிவு காட்டுவோரும் இவ்வட்டாரத்தில் உண்டு. அதனால் ஐரோப்பாவில் சில நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அது கோலமன்று. “நீ இந்த மண்ணுக்கு உரியவனல்லன்” என்ற சொல்லை அயலூரில் ஒருமுறையேனும் கேட்ட குடும்பத்துக்கு, அவ்வெறுப்பின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. மெட்டு இனிது என்பதற்காக அதனை மன்னித்தல் இயலாது.

ஆதலின் ஹெட்போனைப் பிடுங்குவதைவிட, “இவர்கள் யார்? எதைப் பாடுகிறார்கள்?” என்று பிள்ளையிடம் கேட்பது நன்று. அவன் சொல்லத் தெரியாமல் விழித்தால் இருவரும் சேர்ந்து தேடலாம். ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டால் முரசின் ஆரவாரம் பின்வாங்கி, கிதாரின் மெட்டு முன்னே வரும். முதற் பாட்டிலேயே அது கிட்டாமற் போகலாம். மூன்றாம் பாட்டுவரை பொறுத்திருங்கள்.